டெஸ்க்டாப்பில் இருந்தவை

அறையில் அவள். அவள் கணவன். வாசலருகே பூண்டு உரித்துக்கொண்டு மாமியார். கம்ப்யூட்டர் முன்னால், சர்வீஸ் செய்ய வந்த பெனிட்டா.

கம்ப்யூட்டரில் அவள் பெயரில் நுழைந்திருக்கும்போது அவளுடைய கோப்புகளை முழுதாக நகலெடுக்க முடியாது என்றாள் பெனிட்டா. திறந்திருக்கும் கோப்புகள் விட்டுப்போகும். வேறொருவர் பெயரில் நுழைந்துதான் எடுக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு பெயர் அவனுடையது.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

பிரிந்துவிடுவது, அவரவர் பொருள் அவரவருக்கு என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தாயிற்று. அவன் எழுந்து வந்தான். ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்தான்.

பெனிட்டா ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாள். மனைவி பெயரில் இருந்த ஃபோல்டர் அதில் நகலாகத் தொடங்கியது.

துணிமணியை விட்டுவிட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறவளை இப்போதுதான் பார்ப்பதாக மாமியார் பூண்டிடம் சொன்னாள்.

டப்பாவில் போனவை எம்பிராய்டரி டிசைன்கள். ஜாக்கெட் கழுத்து, கை, முதுகு. எல்லாம் அவள் வரைந்தவை. தையல் யூனிட்டுகள் அவற்றைக் காசு கொடுத்து வாங்கும். அவை இருந்தால் தனியாக ஒரு வீடு பார்க்கலாம். இல்லாவிட்டால் அண்ணன் வீடு. அங்கே எத்தனை நாள் என்பது அண்ணிக்குத்தான் தெரியும்.

போன மாதமும் கிளம்பினாள்.

அவசரத்தில், டெஸ்க்டாப்பில் தெரிந்ததையெல்லாம் பென்டிரைவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். அண்ணன் வீட்டில் ஒன்றும் திறக்கவில்லை. அத்தனையும் ஷார்ட்கட். பெயர் இருந்தது. கோப்பு இங்கேயே இருந்தது.

திரும்பி வந்தாள்.

அவள் கோபம் தணிந்துவிட்டது என்றார்கள் வீட்டில். அன்றைக்கு அவன் பிரியாணி வாங்கி வந்தான்.

இந்த முறை அவள் நம்பத் தயாரில்லை. இங்கேயே திறந்து காட்டச் சொன்னாள். பெனிட்டா ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கித் தன் லேப்டாப்பில் செருகினாள்.

வெற்றுத் திரை.

பிறகு ஒரு ஜாக்கெட் முதுகு, தையல் தையலாக விரிந்தது. அடுத்தது ஒரு கை. அதற்கடுத்ததும் திறந்தது.

அவளுக்குப் பசித்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குற பழசு இங்கயே கெடக்கட்டுமாக்கா?" என்றாள் பெனிட்டா.

"வேண்டாம். எடுத்துரு."

பெனிட்டா கோப்புகளோடு அவள் பெயரையும் நீக்கினாள். திரையில் அவன் பெயர் மட்டும் நின்றது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"போன மாசம் இதுக்குத்தான் திரும்பி வந்தியா?"

"ஆமாங்க."

மாமியார் பூண்டு உரிப்பதை நிறுத்தினாள்.

பெனிட்டா முதலில் இறங்கிப் போனாள். பிறகு இவளும் ஹார்ட் டிஸ்க்கோடு வெளியே வந்து ஒரு செருப்பை மாட்டினாள். பின்னால் கதவு சாத்தப்பட்டது.

இன்னொரு செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருக்கும்போது, உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.