துண்டுக்கடியில் இங்கிலீஷ்

"ஏலே சோலைமுத்து, மாட்டு விலைய இங்கிலீஷ்ல கேளு" என்றார் ஆசிரியர் ராயப்பராஜ்.

சோலைமுத்து கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மாட்டுக்காரனாக நின்ற சுருளிவேலின் கைமேல் போட்டான். அதற்குள் தன் கையையும் நுழைத்துக்கொண்டான். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மாடாக மண்டியிட்டிருந்த வேலுசாமி மட்டும் ஒரு தடவை "ம்மா" என்றான்.

பள்ளியைச் சோதிக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் அசையவில்லை. தலைமையாசிரியர் கிதர் முகம்மதுவுக்கு வியர்த்தது.

மற்ற பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் உருப்போட்டுக்கொண்டிருக்க, நாடகம் போட்டே இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லி இந்தத் தாடிக்கொம்புப் பக்கத்துப் பள்ளிக்கு வந்தவர் ராயப்பராஜ். தற்காலிக வேலைதான். இன்று இன்ஸ்பெக்டர் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் சாயங்காலமே சொந்த ஊரான ஆத்தூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பேசித் தொலையுங்கடா என்று ராயப்பராஜ் கெஞ்சினார்.

"விலைய வாயால சொன்னா பக்கத்துல நிக்கிறவன் கேட்டுருவான் சார்" என்றான் சோலைமுத்து. "சந்தையில எங்கய்யா துண்டுக்குள்ள விரலப் பிடிச்சுத்தான் பேசுவாரு."

ராயப்பராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை அவர். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோலைமுத்துவை விலகச் சொல்லித் தன் கையைத் துண்டுக்குள் விட்டார். சுருளிவேல் முடியாதென்று தலையாட்டினான். அவர் வேலுசாமியின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார். நாலடி நடக்கவிட்டார். பின்னங்கால் சரியில்லை என்று குறை சொன்னார். வேலுசாமி முறைத்தான். மறுபடி கை துண்டுக்குள் போயிற்று. மத்தியான மணி அடித்து மற்ற வகுப்புகள் கலைந்த பிறகும் துண்டு அசைந்துகொண்டே இருந்தது.

கடைசியில் சுருளிவேல் சம்மதித்தான்.

"ஏனுங்க, இப்படியொரு அழுத்தக்காரன எங்க சந்தையிலகூடப் பாத்ததில்லீங்க" என்றார் இன்ஸ்பெக்டர், நெற்றியைத் துடைத்தபடி. இப்படித்தான் பாடம் நடத்த வேண்டும், ராயப்பராஜை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிவிடுகிறேன் என்றார். இங்கிலீஷை அடுத்த வருடம் வந்து கேட்டுக்கொள்கிறாராம். பசி நேரம் தாண்டிவிட்டதென்று குதிரை வண்டிக்கு நடந்தார். தலைமையாசிரியர் வழியனுப்பப் பின்னாலேயே ஓடினார்.

அவர்கள் தலை மறைந்ததும் சோலைமுத்து ஆசிரியரிடம் வந்தான்.

"நீங்க பேசக்கூடாதுன்னு சொல்லிவச்ச மாதிரியே ஒரு வார்த்தைகூட இங்கிலீஷ் பேசல சார். அடுத்த வருசம் பேசித்தான் ஆகணும்னு சொன்னா என்ன செய்றது?"

"இன்னும் அம்புட்டு நாள் கெடக்குல்ல அப்பு" என்றார் ராயப்பராஜ். "அதுக்குள்ள நான் இங்கிலீஷ் கத்துக்கிருவேன்."