வலது பொத்தான்

எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான்கள். இரண்டையும் இரண்டு கைகளாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்புக் கட்டை இறங்கும். கை உள்ளே மாட்டாது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று சூப்பர்வைசர் வலது பொத்தானை டேப் போட்டு அமுக்கி வைத்தார். மறு வாரமே என் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

மூன்று மாதம் கழித்து தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வந்தார்.

"டேப்பாவது மண்ணாவது! கட்டை இறங்குறப்போ இவன்தான் பராக்கு பாத்துட்டு கையை விட்டான் சார்," என்றார் சூப்பர்வைசர்.

"எப்படி அழுத்துவீங்க, காட்டுங்க," என்றார் ஆய்வாளர் என்னிடம்.

இருந்த ஒரு கையால் இடது பொத்தானை அழுத்தினேன். பழக்க தோஷத்தில் வலது தோளும் முன்னால் போயிற்று.

கட்டை தடாலென்று இறங்கியது.

சூப்பர்வைசருக்கு முகம் வெளிறிவிட்டது. "டேப்பை நானே பிச்சு எடுத்துட்டேனே சார்!"

வாய் தவறி உண்மை வந்துவிட்டது. ஆனால் ஆய்வாளர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது பொத்தானையே பார்த்தபடி நின்றார். அதன்மேல் டேப் இல்லை. யார் கையும் இல்லை. பொத்தான் மட்டும் அமுங்கியே இருந்தது.

"கையை எடுங்க," என்றார்.

இடது கையை எடுத்தேன்.

"இன்னொண்ணையும்."

எடுத்தேன். வலது பொத்தான் மேலே வந்தது.