ரகசியச் சாவியில் ஓர் ஓட்டை

"மாப்பிள்ளைக்க ஆராய்ச்சியில நீ குத்தம் கண்டுபிடிச்சத இன்னைக்கு வாய் தொறந்து சொல்லாத, மக்கா. கல்யாணம் உறுதியாகட்டு," என்றாள் அம்மா ஆனந்தபாய்.

ஷீனா தலையாட்டினாள். திருப்புறத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்திருந்த ஜெனிலை அவள் இதுவரை நேரில் கண்டதில்லை. ஆனால் அவன் எழுத்து அவளுக்கு மனப்பாடம். செய்திகளைப் பூட்டும் ரகசியச் சாவியை அனுப்ப அவன் வகுத்த 'அரைக் குவாண்டம்' முறையைத்தான் போன வருடம் உடைத்து எழுதியிருந்தாள். 'எஸ். ராபின்சன்' என்று கட்டுரையில் போட்டிருந்ததால், எழுதியது ஓர் ஆண் என்றே பலரும் நினைத்தார்கள்.

இருவரையும் பேசிக்கொள்ளச் சொல்லி, ரப்பர் ஷீட் உலரும் பின்முற்றத்துக்கு அனுப்பினார்கள்.

"எனக்க வேலையைச் சொன்னா உங்களுக்குச் சடைக்கும், கொட்டாவி வந்திரும்," என்றான் ஜெனில்.

"சொல்லுங்க."

"ஒருத்தர்ட்ட மட்டும் குவாண்டம் கருவி உண்டு. மத்தவர்ட்ட சாதாரணக் கருவிதான். வாற ஒளித்துகளை அவர் ஒண்ணு அளந்து புதுசா அனுப்புவார், இல்லெங்கி அப்படியே திருப்பி விடுவார். அதை வச்சு ரெண்டுபேருக்கும் ஒரு ரகசியச் சாவி கிடைக்கும். செலவு குறைவாக்கும்."

"யாராவது ஒட்டுக்கேட்டா?"

"முடியாதுன்னுதான் நினைச்சேன். எஸ். ராபின்சன்னு ஒருத்தர் முடியும்னு காட்டினார். நம்ம துகள்கூடவே, கண்ணுல படாத இன்னொரு துகளையும் திருடன் ஏத்தி விட்டா போதும். திரும்பி வரும்போது அதைப் பிடிச்சு சாவியைப் படிச்சிரலாம். இத்தனை வருஷ வேலையும் போச்சு."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் ஷீனாவை வதைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால் இவன் முகத்தில் எப்படி விழிப்பது? உள்ளே அம்மா சந்தோஷமாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அது நான்தான்," என்றாள். "எஸ்னா ஷீனா, ராபின்சன் எங்க அப்பாக்க பேரு. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்."

"தெரியும். பயோடேட்டாவுல உங்க அப்பா பேரையும், கட்டுரையில இருந்த அதே காலேஜ் பேரையும் பாத்ததுமே தெரிஞ்சு. அதனாலதான் வந்தேன்."

ஷீனா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஓட்டையை அடைச்சாச்சு," என்றான் ஜெனில். "துகள் உள்ள வாற இடத்துல ஒரு வடிகட்டி வச்சேன். திரும்பிப் போற துகளுக்க வரிசையையும் கலைச்சு விடுதேன். ரெண்டும் நீங்க எழுதின யோசனை."

"அச்சுல பாத்தப்ப எம்மேல கோபம் வரலியா?"

"கோபம் அதுக்கு முன்னயே வந்து, போயாச்சு," என்று சிரித்தான் ஜெனில். "உங்க கட்டுரையைப் போடலாமா, வேண்டாமான்னு பத்திரிகைக்காரங்க ரகசியமா கேட்டது எங்கிட்டயாக்கும். தாமசிக்காம போடுங்கன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."