கத்திரி வெயிலில் அரண்மனை

உச்சி வெயிலில் மூக்கம்மாள் மகள் கற்பகத்தை ஜமீன் அரண்மனை பார்க்க இழுத்துக்கொண்டு வந்தாள்.

கத்திரியில் போடிக்கு அரண்மனை பார்க்க வருகிறவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் புத்தி பிசகியிருக்க வேண்டும். இவர்கள் அடுத்த தெரு.

"பொறந்ததுல இருந்து இங்கனதான கெடக்கோம்? இன்னைக்கென்ன திடீர்னு அரண்மன?"

அம்மா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். புதுச்சேலை வேறு. சம்பந்தி வீட்டாரை மயக்கத்தான் என்று கற்பகம் பல்லைக் கடித்தாள்.

அவளுக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெருவே பேசும். அதனால் தற்செயலாகச் சந்திப்பது போலப் பார்ப்பார்கள். பெண்ணிடமே சொல்ல மாட்டார்கள்.

போன வருஷம் பரமசிவன் கோயில் படியில் நிறுத்தினார்கள். அப்புறம் தேனி ஜவுளிக்கடையில். வந்தவர்கள் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனதோடு சரி, பதிலே வரவில்லை. அம்மா ஒரு மாதம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை நிறுத்தினால் மானத்தை வாங்கிவிடுவதென்று கற்பகம் அன்றே முடிவு செய்திருந்தாள்.

உள்ளே சுவரெல்லாம் பழைய ஓவியம். தூண் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. ஒருவர் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர். அவரோடு ஓர் இளைஞன், ஒன்றும் தெரியாதவன் போலப் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

கற்பகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. திரும்பி வேற நிக்கணுமா? பதில் சொல்ல வக்கில்லாதவுகளுக்கு எதுக்குய்யா பொண்ணு பாக்குற சோலி?"

இளைஞன் முகம் வெளிறிவிட்டது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அக்கா, உங்களப் பாக்க வரலக்கா. நானும் உங்கள மாதிரி தொணைக்குத்தான் வந்தேன். எங்கப்பாவுக்குத்தான்..."

கற்பகம் திரும்பிப் பார்த்தாள்.

அவளுடைய அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. மூக்கம்மாள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

பெற்ற மகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கற்பகத்துக்குக் கோபம் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. அழுகையும் சேர்ந்து வந்தது.

பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மாவப் பாத்தாச்சுல்ல? பதிலச் சொல்லிட்டுத்தான் இங்கேருந்து நகரணும்."