மெத்தென்ற பக்கம்

“மலையில வளர்ந்தவளுக்கு ஒரு கம்பளத்தை எப்படி விரிக்கணும்னுகூடத் தெரியல பாரு,” என்றாள் நுஸ்ஹா. ஃபெஸ் நகரத்திலிருந்து தம்பி அனஸின் வீட்டுக்கு வந்து இறங்கிய நாள் முதல் இதே பாட்டுதான்.

கூடத்தில் கிடந்தது அனஸின் மனைவி இத்தோ தன் கையாலேயே நெய்த வெள்ளைக் கம்பளம். மெத்தென்ற கம்பளி முடி தரையைப் பார்த்துக் கிடக்க, முடிச்சுகள் தெரியும் சொரசொரப்பான பக்கம் மேலே இருந்தது. நாத்தனார் என்ன சொல்லியும் இத்தோ அதைத் திருப்பவில்லை.

நுஸ்ஹா சமையலறைச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். தேநீருக்குச் சர்க்கரைக் கூம்பை உடைக்கக்கூட இத்தோ அவளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. நேற்று பெரிய அறையும் அவள் வசமாகிவிட்டது.

“இனிமே நான் இங்கேயேதான். நாளைக்கு என் சிநேகிதிங்க வர்றாங்க. இந்த அசிங்கத்தைத் திருப்பிப் போடு.”

அனஸ் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இத்தோ எழுந்தாள். கம்பளத்தைப் புரட்டிப் போட்டாள். கூடமே பனி விழுந்ததுபோல வெளுத்தது.

“இப்பவாவது புத்தி வந்துச்சே,” என்று நுஸ்ஹா அதில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

“எங்கம்மா வீட்டுல சொந்த மனுஷங்களுக்கு முடிச்சுப் பக்கம்தான் அண்ணி. இந்தப் பக்கம் விருந்தாளிக்கு மட்டும்,” என்றாள் இத்தோ. “இத்தனை நாளா உங்களை வீட்டு மனுஷியா நினைச்சிட்டேன்.”

பிறகு கையை நீட்டினாள்.

“சாவியைக் குடுங்க. விருந்தாளியை வேலை வாங்கினா ஊர் என்னைத்தான் பேசும். சரி, திரும்பிப் போற பஸ் எத்தனை மணிக்கு?”