நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

புத்தகத்தில் நாற்பத்து மூன்று பிழைகள். ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட்டுத்தான் பெரியவர் சட்டையை மாட்டினார்.

தெருவில் அவருக்கு ‘ஏழு வருஷம்’ என்று பட்டப்பெயர். அந்நிய ஆட்சியை எதிர்த்து ஏழு வருஷம் சிறையில் இருந்தவர். பால்காரரிடம் பேசினாலும் அதில்தான் ஆரம்பிப்பார்.

அந்தப் போராட்டத்தைப் பற்றிய புத்தகம் இது. மூன்றே மாதத்தில் ஐந்து பதிப்பு. இன்று நூலகத்தில் பாராட்டுக் கூட்டம்.

“போயிட்டு வாங்க மாமா. ஆனா சண்டை வேண்டாம்,” என்றாள் மருமகள். “உங்க பேரு அரை வரிதான் வந்திருக்கு, அதான் வயித்தெரிச்சல்னு சொல்லிடுவாங்க.”

“சொல்லட்டும். வரலாறுன்னா என்ன, சினிமாக் கதையா?”

நாற்பத்து மூன்றிலும் அவரை அதிகம் உறுத்தியது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ரகசியத் துண்டறிக்கைக்கு அச்செழுத்துக் கோத்த கம்பாசிட்டர், அதன் அடியில் அச்சகத்தின் பெயரையும் விலாசத்தையும் துணிந்து போட்டு, முடிந்தால் பிடித்துப் பார் என்று ஆட்சிக்கே சவால் விட்டாராம்.

சவாலாவது மண்ணாங்கட்டியாவது. எதை அச்சடித்தாலும் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். வருஷக்கணக்கில் பழகிய கை, மூன்று நாள் தூக்கமில்லாத கை, அந்த வரியையும் தானாகக் கோத்துவிட்டது. மறுநாளே போலீஸ் வந்தது. பதினொரு பேர் உள்ளே போனார்கள். கம்பாசிட்டரும் போனார். வெளியே வரும்போது அவருக்கு மட்டும் ‘காட்டிக்கொடுத்தவன்’ என்ற பெயர் காத்திருந்தது. அந்தப் பெயரோடேயே செத்தும் போனார். “ஒருத்தன் கையால பதினொரு பேர் உள்ளே போனோம்” என்று பெரியவரும் மேடைக்கு மேடை பேசியவர்தான்.

கம்பாசிட்டரின் மகள் நேற்று வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வராத கதையைச் சொன்னாள். அது கைப்பிசகுதான் என்று அப்பாவே அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதியவர் ஏதோ கற்பனை செய்துவிட்டார், இந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவளைத் தவிர, உண்மை தெரிந்தவர்களில் இன்று உயிரோடிருப்பது பெரியவர் ஒருவர்தான்.

“பொய்யைக் காப்பாத்தவா நான் ஜெயிலுக்குப் போனேன்?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

கூட்டத்தில் தலைவர் பேசி முடிக்குமுன்பே எழுந்தார். துறைமுகத்தில் போலீஸ் சுட்டது காலையில் அல்ல, மதியம் என்றார். செத்தது பதினான்கு பேர் அல்ல, ஒன்பது பேர் என்று பெயர் பெயராகச் சொன்னார். பிறகு புத்தகத்தில் வரும் குதிரைப்படைக்கு வந்தார்.

“தம்பி, அன்னிக்கு அங்கே குதிரையே கிடையாது. ஒரு கழுதை இருந்துச்சு. அதுவும் நம்ம பக்கம்.”

அரங்கம் சிரித்தது. நூலாசிரியர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பக்கம் நூத்திப் பன்னெண்டு.”

மூன்றாவது வரிசையில் அந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார்.

“இதுல பிழை இல்லை. தெரிஞ்சேதான் போட்டார். நான் கூட இருந்தவன், சொல்றேன்.”

கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று.

வெளியே படிக்கட்டில் அவள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். கண்கள் சிவந்திருந்தன.

“பெரியப்பா, எங்கப்பாவுக்காக உங்க வாயால ஒரு பொய் சொல்லிட்டீங்க. என்னிக்கும் மறக்க மாட்டேன்.”

“உங்கப்பா என்னைப் பத்தி எதாவது சொல்லியிருக்காராம்மா?”

“நல்லா எழுதுவீங்கன்னு சொல்வார். வேற ஒண்ணும் சொன்னதில்லையே.”

பெரியவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அச்சுல ஏத்துறதுக்கு முன்னாடி அந்தத் துண்டறிக்கையோட புரூஃபை, பிழை பாக்கச் சொல்லி என்கிட்டதான் கொண்டுவந்தார். தூக்கக் கலக்கமா இருக்கு, அடிவரைக்கும் ஒரு தடவை பாத்துடுங்கன்னார். நான் எழுதின வரிகளை மட்டும் ரசிச்சுப் படிச்சுட்டு, எல்லாம் சரியா இருக்குன்னு திருப்பிக் கொடுத்தேன்.”