மாவு முகம்

தீக்காயத் தழும்புகளை அழுத்தி வைக்கும் முகமூடி செய்வதற்காக, செண்பகவல்லியின் முகத்தை அச்செடுத்து மாவுக்கட்டு மாவில் வார்த்திருந்தாள் ரெஜினா. விபத்துக்குப் பிறகு வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு செண்பகவல்லி தன் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல்முறை. மேசைமேல் அது வெள்ளை வெளேரென்று கிடந்தது. யாரும் கால் வைக்காத காலைநேரக் கடற்கரை மணல்போலக் கன்னமெங்கும் தழும்பு வரி வரியாய் ஓடியது. இத்தனை வேலைப்பாடா? பயந்துகொண்டேதான் விரலை வைத்தாள். பிறகு எடுக்க மனம் வரவில்லை.

"இந்த மேட்டையெல்லாம் தேச்சு எடுக்கணும்க்கா. அப்பதான் முகமூடி நல்லா அழுத்திப் பிடிக்கும்" என்று ரெஜினா உப்புத்தாளை எடுத்தாள்.

செண்பகவல்லி அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறும்மா. நான் இன்னும் பாத்து முடிக்கல."